கொலையுண்டவரின் கதையைக் காணொளியாக்கிவிட்டார்களா? யாழ்ப்பாணக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

என் மச்சாள் கொல்லப்பட்டு மூன்று ஆண்டுகள் கழிந்திருந்தன. ஒரு மாலை பக்கத்து வீட்டு அக்கா தன் கைத்தொலைபேசியை மாமியிடம் நீட்டி, "இது உங்கள் பிள்ளைதானே?" என்று கேட்டார். 36 நிமிடக் காணொளி. முகப்பில் மச்சாளின் படம். நல்லூர்த் தேர் அன்று, கோயில் வீதியில், நான் எடுத்த படம் அது. மூலையில் என் விரலின் நிழல்கூட அப்படியே இருந்தது. அவள் கன்னத்தில் மட்டும் புதிதாக ஒரு கண்ணீர்த்துளி வரைந்திருந்தார்கள். முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம். உள்ளே திகில் இசை, அவள் ஒருபோதும் பேசியிராத வசனங்கள், இடையிடையே விளம்பரங்கள். கடைசியில், "உங்களுக்கு யார் மீது சந்தேகம்? கீழே எழுதுங்கள்" என்று ஒரு அழைப்பு. வழக்கு முடிந்து தீர்ப்பும் வந்த பிறகு இந்தக் கேள்வி.

அதை அகற்ற 47 நாட்கள் அலைந்தேன். அவற்றில் முதல் மூன்று வாரங்கள் என் அறியாமையால் வீணாயின. அந்த மூன்று வாரங்கள் உங்களுக்கு மிஞ்ச வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

1. முதல் நாள்: ஒருவர் மட்டும் பாருங்கள்

வீட்டில் மனத்திடமுள்ள ஒருவரைப் பொறுப்பாக வையுங்கள். காணொளியை அவர் மட்டும் பார்க்கட்டும். தாய், தந்தை, பிள்ளைகள் பார்க்க வேண்டிய தேவை எதுவும் இல்லை. மாமி முழுவதையும் பார்த்துவிட்டார். அந்த 36 நிமிடங்களை அவரிடமிருந்து என்னால் திரும்ப எடுக்க முடியவில்லை.

இணைப்பைக் குடும்ப வைபர் குழுவில் போடாதீர்கள். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் உள்ள உறவினர்கள் கோபத்தோடு திறந்து பார்ப்பார்கள். ஒவ்வொரு பார்வையும் அந்தச் சேனலுக்குப் பணம். "எல்லோரும் சேர்ந்து முறையிட்டால் தூக்கிவிடுவார்கள்" என்று யாராவது சொல்வார்கள். எங்கள் உறவினர்கள் நாற்பது பேருக்கு மேல் முறையிட்டோம், எதுவும் நடக்கவில்லை. முறையிட்டோரின் எண்ணிக்கையை வைத்து யூடியூப் முடிவெடுப்பதில்லை. எந்த விதி மீறப்பட்டது என்பதைத்தான் பார்க்கிறது. பொருத்தமான ஒரு முறைப்பாடு, பொருந்தாத நூறைவிட வேலை செய்யும்.

மிக முக்கியமான எச்சரிக்கை இது: காணொளியின் கீழே எதையும் எழுதாதீர்கள். நான் எழுதினேன். அவர்கள் என் வரிகளை மேலே பொருத்தி வைத்து, "குடும்பத்தினர் மிரட்டல்" என்ற தலைப்பில் இரண்டாவது காணொளி வெளியிட்டார்கள்.

2. கொப்பி ஒன்றில் நிமிடம், விநாடி எழுதுங்கள்

எதையும் முறையிடுவதற்கு முன் சான்றுகளைச் சேருங்கள். காணொளியின் இணைப்பு, சேனலின் இணைப்பு, வெளியான திகதி, நீங்கள் பார்த்த திகதி, பார்வை எண்ணிக்கை ஆகியவற்றைக் குறியுங்கள். முகப்புப் படத்தையும் முக்கிய இடங்களையும் திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷொட்) எடுத்து வையுங்கள். திகதியும் நேரமும் படத்தில் தெரிய வேண்டும். முறைப்பாடு போனதும் சேனல்காரர் சில பகுதிகளை வெட்டிவிட்டு, "அப்படி எதுவும் இல்லையே" என்று சொல்வது வழக்கம்.

பிறகு ஒரு பள்ளிக் கொப்பியை எடுத்து ஐந்து தலைப்புகளின் கீழ் குறிப்பெழுதுங்கள்: வீடு, ஒழுங்கை, வாகன இலக்கம், தொலைபேசி இலக்கம் தெரியும் இடங்கள்; சிறுவர்களின் முகம் தெரியும் இடங்கள்; உடலோ இரத்தமோ காட்டப்படும் இடங்கள்; இறந்தவர் பேசுவதுபோல் செயற்கையாகச் செய்த குரலும் உருவமும்; பொய்யான கூற்றுகள். ஒவ்வொன்றுக்கும் நிமிடமும் விநாடியும் இருக்க வேண்டும். என் முதல் முறைப்பாட்டில் "எங்கள் மனம் மிகவும் புண்பட்டுள்ளது" என்று ஒரு பக்கம் எழுதினேன். மறுத்துவிட்டார்கள். இரண்டாவதில், "11 நிமிடம் 20 விநாடியில் எங்கள் வீட்டு வாசலும் தெருப்பெயரும் தெரிகின்றன. 14 நிமிடம் 5 விநாடியில் 14 வயதுத் தம்பியின் முகம் தெரிகிறது" என்று எழுதினேன். ஏற்றுக்கொண்டார்கள்.

இந்தக் கொப்பி இன்னொரு தெளிவையும் தரும். குற்றம் ஒன்று நடந்தது, வழக்கு நடந்தது, தீர்ப்பு வந்தது என்று சொல்வது செய்தி. அதைத் தடுக்க உங்களுக்கு உரிமை இல்லை, தடுக்கவும் கூடாது. நீதிமன்றச் செய்தியாளர்கள் எழுதாமல் இருந்திருந்தால் எங்கள் வழக்கே கிடப்பில் போயிருக்கும். காணொளி முழுவதையும் எதிர்த்தால், "பொதுநலன் சார்ந்த செய்தி" என்ற ஒரே பதிலில் முடித்துவிடுவார்கள். செய்திக்கு மேல் அவர்கள் ஒட்டியிருப்பவை எவையோ, அவற்றை ஒவ்வொன்றாகப் பிடியுங்கள்.

3. ஆவணங்கள்

• மரணச் சான்றிதழ். மரணம் பதியப்பட்ட பகுதியின் பிரதேச செயலகத்தில், பதிவாளர் கிளையில் பிரதி எடுக்கலாம். பதிவு இலக்கமும் திகதியும் தெரிந்தால் செலவு குறைவு, நேரமும் குறைவு. இலக்கம் தெரியாவிட்டால் தேடுவதற்குக் கூடுதல் கட்டணம் உண்டு. குறைந்தது மூன்று பிரதிகள் எடுத்துவிடுங்கள்.

• உறவை நிறுவும் பிறப்புச் சான்றிதழ்கள். தாயோ தந்தையோ சகோதரமோ முறையிடுவது நல்லது. என்னைப்போல் சற்றுத் தள்ளிய உறவினர் செய்வதானால், தாயிடம் ஒப்பமிட்ட அதிகாரக் கடிதம் வாங்குங்கள். மாமியின் கடிதத்தைச் சமாதான நீதவான் ஒருவர் முன் சத்தியக் கடதாசியாகச் செய்தோம். ஒரு காலை வேளையில் முடிந்தது.

• முறையிடுபவரின் தேசிய அடையாள அட்டை.

• ஆங்கில மொழிபெயர்ப்பு. எங்கள் சான்றிதழ்கள் தமிழில் இருந்தன. சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஒருவர் பக்கத்துக்கு 1,500 ரூபா வாங்கினார், மூன்று நாட்களில் தந்தார். முதல் முறைப்பாட்டோடு எல்லாவற்றையும் அனுப்பத் தேவையில்லை. கேட்டால் உடனே கொடுக்கும்படி ஆயத்தமாக வையுங்கள்.

மரணச் சான்றிதழில் மரணத்தின் காரணம் எழுதப்பட்டிருக்கும். எந்தச் சூழ்நிலையிலும் அதைச் சேனல்காரருக்கு அனுப்பாதீர்கள். "நீங்கள் குடும்பம்தான் என்பதற்கு ஆதாரம் தாருங்கள்" என்று எங்களிடம் மிகப் பணிவாகக் கேட்டார்கள். நல்ல காலம், சட்டத்தரணி ஒருவர் தடுத்தார். அனுப்பியிருந்தால் அது அடுத்த காணொளியின் முகப்பாகியிருக்கும்.

4. சேனலுக்கு ஒரே ஒரு கடிதம்

தொலைபேசியில் பேச வேண்டாம், பதிவு செய்வார்கள். புதிய மின்னஞ்சல் முகவரி ஒன்றைத் திறந்து, அதிலிருந்து இப்படி எழுதுங்கள்:

"இன்ன திகதியில் நீங்கள் வெளியிட்ட, இன்ன இணைப்பிலுள்ள காணொளியில் கூறப்படுபவரின் குடும்பத்தினர் சார்பில் எழுதுகிறேன். எங்களிடம் அனுமதி கேட்கப்படவில்லை. கீழே குறிப்பிட்ட நிமிடங்களில் எங்கள் வீடும், வயது குறைந்த பிள்ளையின் முகமும், எங்களுக்குச் சொந்தமான படமும் உள்ளன. மூன்று நாட்களுக்குள் அகற்றுமாறு கேட்டுக்கொள்கிறோம். இது பற்றி ஊடகத்தில் பேச நாங்கள் விரும்பவில்லை. இந்தக் கடிதத்தை வெளியிட எங்கள் சம்மதம் இல்லை."

வழக்குப் போடுவேன் என்று மிரட்டாதீர்கள், கெஞ்சவும் வேண்டாம். இரண்டையும் வாசித்துக் காட்டிக் காசாக்குவார்கள். சில சேனல்காரர் மனச்சாட்சியோடு உடனே அகற்றியதும் உண்டு. என் நண்பர் ஒருவரின் குடும்பத்துக்கு இந்த ஒரு கடிதமே போதுமாக இருந்தது.

5. யூடியூப்: எந்தக் கதவைத் தட்டுவது?

காணொளியின் கீழுள்ள முறையிடும் பொத்தானோடு பலர் நின்றுவிடுகிறார்கள். தனியுரிமைக்கும் பதிப்புரிமைக்கும் தனித்தனிப் படிவங்கள் உண்டு. அவைதான் வேலை செய்யும்.

தனியுரிமை முறைப்பாடு. பாதிக்கப்பட்டவரே முறையிட வேண்டும் என்பது பொது விதி. இறந்தவருக்காக நெருங்கிய குடும்பத்தினரும், சிறுவருக்காகப் பெற்றோரும் முறையிடலாம். முறைப்பாட்டை ஏற்றால், வெளியிட்டவருக்கு 48 மணி நேரம் கொடுத்து, தானே அகற்றவோ திருத்தவோ விடுகிறார்கள். அதன் பிறகுதான் யூடியூப் தானே பரிசீலிக்கும். எங்கள் விடயத்தில் அந்த இரண்டு நாட்களுக்குள் தம்பியின் முகத்தை மறைத்து, வீட்டுக் காட்சியை வெட்டிவிட்டார்கள். உயிர் பிரியும் தருணமோ படுகாயமோ காட்டப்பட்டால், அதற்கென்று குடும்பத்தினர் தனியாகக் கோரலாம். மரணத்தை நிறுவச் சொல்வார்கள்.

செயற்கைக் குரலும் உருவமும். இறந்த பிள்ளை எழுந்து வந்து, "அன்று என்னை இப்படித்தான் கொன்றார்கள்" என்று பேசுவதுபோல் கணினியில் செய்கிறார்கள். இதைவிடக் கொடுமையான ஒன்றை நான் பார்த்ததில்லை. இறந்த சிறுவர்களையும், கொடிய வன்செயல்களில் பலியானவர்களையும் இப்படி உயிரோட்டமாக உருவாக்கித் தம் சாவை வருணிக்க வைப்பதை, 2024 ஜனவரி 16 முதல் யூடியூப் தன் துன்புறுத்தல் விதியின் கீழ் தடை செய்திருக்கிறது. விதி மீறியதற்கான முதல் தண்டப் புள்ளி (strike) விழுந்தால் ஒரு வாரம் அந்தச் சேனல் எதையும் பதிவேற்ற முடியாது. 90 நாட்களுக்குள் மூன்று விழுந்தால் சேனலே போய்விடும். முறையிடும்போது துன்புறுத்தல் என்ற பிரிவையே தெரிவு செய்யுங்கள்.

பதிப்புரிமை. எங்களுக்குத் திறந்த பெரிய கதவு இதுதான். படத்தின் உரிமை பொதுவாக அதை எடுத்தவருக்கு உரியது, படத்தில் இருப்பவருக்கு அல்ல. தேர்த் திருவிழாப் படத்தை எடுத்தவன் நான். மூலக்கோப்பு என் பழைய கைத்தொலைபேசியில் இருந்தது. முறையிட்ட ஐந்தாம் நாள் காணொளி போய்விட்டது. உங்கள் படம் கலியாண வீட்டிலோ பூப்புனித நீராட்டு விழாவிலோ எடுத்ததாக இருந்தால், ஸ்டூடியோக்காரரிடம் போய் அவர் பெயரில் முறையிடச் சொல்லுங்கள், அல்லது எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

இதில் மூன்று பொறிகள் உள்ளன. உங்கள் பெயரும் மின்னஞ்சலும் எதிர்த் தரப்புக்குப் போகும். ஆகவே புதிய மின்னஞ்சலையே கொடுங்கள். அகற்றியது தவறு என்று அவர் எதிர் அறிவித்தல் கொடுத்தால், அமெரிக்க வேலைநாட்கள் 10க்குள் நீங்கள் நீதிமன்ற நடவடிக்கை தொடங்கியதைக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் காணொளி திரும்பிவிடும். மூன்றாவது, நீங்கள் எடுக்காத படத்தை உங்களுடையது என்று சொல்லவே கூடாது. பொய்யான கோரிக்கை உங்களுக்கு எதிராகத் திரும்பும்.

6. பொலிஸும் சட்டமும்

"மானநட்ட வழக்குப் போடு" என்று ஊரே சொல்லும். இலங்கையில் அவதூறு 2002இலிருந்து குற்றவியல் குற்றம் இல்லை. ஆகவே பொலிஸில் அந்தப் பெயரில் முறையிட்டுப் பயனில்லை. மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈட்டு வழக்குப் போடலாம். ஆனால் இறந்தவரின் மானத்துக்காக அல்ல, உயிரோடிருக்கும் உங்களை அவதூறு செய்திருந்தால் மட்டுமே. அதற்கும் இரண்டு ஆண்டு கால எல்லை உண்டு. தாய் தந்தை உடந்தை என்பதுபோல் காணொளி சொல்லியிருந்தால் தாமதிக்காமல் சட்டத்தரணியைப் பாருங்கள். வருமானம் குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண நிலையம் இருக்கிறது.

குற்றம் பாலியல் வன்முறை சார்ந்ததாயின் நிலைமை வேறு. தண்டனைச் சட்டக் கோவையின் 365 சி பிரிவின்படி, பாதிக்கப்பட்டவரின் பெயரையோ அடையாளம் காட்டும் எதையுமோ வெளியிடுவது குற்றம். இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது தண்டம், அல்லது இரண்டும். இறந்தவரானால் நெருங்கிய உறவினரின் எழுத்துமூல அனுமதி வேண்டும். இந்தப் பிரிவு இலக்கத்தைத் தாளில் எழுதிக்கொண்டு பொலிஸ் நிலையம் போங்கள். வாக்குமூலத்தைத் தமிழில் கொடுக்கவும் தமிழில் பதியக் கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதியதில் ஒப்பமிடாதீர்கள். முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்துக்கொண்டு, பிரதியும் கேட்டு வாங்குங்கள். இரண்டு மாதம் கழித்தும் பதில் இல்லாவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பியுங்கள். 14 வேலைநாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும்.

வழக்கு இன்னும் நடந்துகொண்டிருந்தால், காணொளி சாட்சிகளைக் காட்டிக்கொடுக்கிறதா என்று பாருங்கள். பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் உதவியும் பாதுகாப்பும் வழங்கும் 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தேசிய அதிகாரசபை ஒன்று இருக்கிறது. இறந்தவரின் குடும்பத்தினரும் அதன் பாதுகாப்புக்குள் வருகிறார்கள்.

2024ஆம் ஆண்டின் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தையும் சிலர் காட்டினார்கள். பேச்சுச் சுதந்திரத்தை நெரிக்கும் என்று பத்திரிகையாளர்கள் எதிர்த்த சட்டம் அது. எங்கள் துயரத்தை வைத்து அதை வலுப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. அது தேவையாகவும் இருக்கவில்லை.

7. அவர்கள் எடுக்கும் இடங்களை மூடுங்கள்

அந்தக் காணொளியில் இருந்த குடும்ப விபரம் எல்லாம் எங்கள் கையால் வெளியே போனவைதான். மரண அறிவித்தலில் மாமியின் தொலைபேசி இலக்கம் இருந்தது. அந்தியேட்டிக்கு அடித்த கல்வெட்டு என்ற நினைவு நூலில் அவள் படித்த பள்ளி, சகோதரர் பெயர்கள், சிறுவயதுப் படங்கள் எல்லாம் இருந்தன. யாரோ அதை முழுமையாக ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றியிருந்தார்கள்.

மரண அறிவித்தல் வெளியிட்ட தளத்துக்கு எழுதித் தொலைபேசி இலக்கங்களை நீக்கச் சொல்லுங்கள். இறந்தவரின் முகநூல் கணக்கை நினைவுக் கணக்காக மாற்றலாம், முற்றாக நீக்கவும் கோரலாம். நினைவுக் கணக்காக மாற்றினால் மட்டும் போதாது. முன்பு எல்லோருக்கும் தெரியும்படி போட்ட படங்கள் அப்படியேதான் தெரியும். நாங்கள் படங்களை எல்லாம் இறக்கி ஒரு வன்தட்டில் வைத்துவிட்டுக் கணக்கை நீக்கக் கேட்டோம். மாமி அந்த வன்தட்டைச் சாமியறையில் வைத்திருக்கிறார்.

8. காணொளி திரும்பி வரும்

எங்கள் காணொளி போன இரண்டாம் வாரமே, கண்ணீர்த்துளிப் படத்துக்குப் பதிலாக ஒரு வரைபடம் போட்டு அதே குரலில் திரும்ப ஏற்றினார்கள். மற்றொருவர் அதைத் துண்டு துண்டாக்கி டிக்டொக்கில் போட்டார். வெள்ளிக்கிழமை தோறும் அரை மணி நேரம் அவள் பெயரையும் ஊரையும் தேடுகிறேன். கொப்பியும் கடிதங்களும் ஆயத்தமாக இருப்பதால் இப்போது ஒவ்வொன்றுக்கும் இருபது நிமிடம் போதும். இரண்டு துண்டுகள் இன்னும் இருக்கின்றன.

என் மொத்தச் செலவு, சான்றிதழ், மொழிபெயர்ப்பு, பஸ், பிரதிகள் எல்லாம் சேர்த்து 9,000 ரூபாவுக்குள் முடிந்தது. சட்டத்தரணி பணம் வாங்கவில்லை.

9. நீங்கள் கதை சொல்கிறவராக இருந்தால்

இதை வாசிக்கும் சிலர் இத்தகைய சேனல் தொடங்கும் எண்ணத்தில் இருப்பீர்கள். உங்களோடும் பேச விரும்புகிறேன்.

2015இல் புங்குடுதீவில் ஒரு பள்ளி மாணவி கொல்லப்பட்டபோது வடக்கு முழுவதும் கடையடைத்து வீதியில் நின்றது. 2017 செப்டெம்பரில் யாழ்ப்பாணத்தில் மூன்று நீதிபதிகள் கொண்ட தீர்ப்பாயம் ஏழு பேருக்கு மரண தண்டனை விதித்தது. அந்தப் பிள்ளையின் பெயரை நான் இங்கே வேண்டுமென்றே எழுதவில்லை. பெயர் இல்லாமலே உங்களுக்கு எல்லாம் புரிந்தது. அதேபோல், 2017 பெப்ரவரி முதல் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் பிள்ளைகளின் படங்களைக் கையில் ஏந்தி வீதியோரத்தில் அமர்ந்திருக்கிறார்கள். அந்தப் படங்களை உலகம் பார்க்க வேண்டும் என்று அவர்களே கேட்கிறார்கள். எந்தப் படம், எந்த இடம், யாரிடம் என்ன கேட்பது என்பதை அங்கே தாய் முடிவு செய்கிறாள்.

ஆகவே முதலில் குடும்பத்திடம் போங்கள். மறுத்தால் விட்டுவிடுங்கள். தீர்ப்பு வராத வழக்கைத் தொடாதீர்கள். நீதிமன்றத்தில் சொல்லப்படாத ஒரு சொல்லையும் இறந்தவரின் வாயில் வைக்காதீர்கள். அவள் ஏன் அந்த நேரத்தில் வெளியே போனாள், யாரோடு பேசினாள் என்று நீங்கள் இழுக்கும் ஒவ்வொரு வாக்கியமும் அவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது. அந்தக் கூண்டில் நின்று பதில் சொல்ல அவள் இல்லை.

சென்ற மாசியில் ஊடகக் கல்வி கற்கும் மாணவர் ஒருவர் மாமி வீட்டுக்கு வந்தார். கமெரா கொண்டு வரவில்லை. விறாந்தையில் இருந்து தேநீர் குடித்தார், தான் எழுத விரும்புவதைச் சொன்னார், போய்விட்டார். மாமி இரண்டு வாரம் யோசித்துச் சம்மதித்தார். ஒரு தாளில் மூன்று நிபந்தனைகள் எழுதி இருவரும் ஒப்பமிட்டார்கள். தம்பியின் பெயர் வரக் கூடாது. வெளியிடும் முன் மாமிக்கு வாசித்துக் காட்ட வேண்டும். முதல் பந்தியில் அவள் எப்படிச் செத்தாள் என்று இருக்கக் கூடாது. அதற்குப் பதிலாக அவள் கணக்கியல் படித்ததும், தம்பிக்கு மிதிவண்டி ஓட்டப் பழக்கியதும் இருக்க வேண்டும். வாசித்துக் காட்டிய அன்று மாமி ஒரே ஒரு திருத்தம் சொன்னார். மிதிவண்டியின் நிறம் பச்சை, நீலம் இல்லை.